குப்புற வைத்த வில்லை

சவரிநாதன் இறந்த செய்தி எனக்குப் படகில் வந்தது. பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை பினாங் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சாந்தியிடமிருந்து இரண்டே வரி: "டாக்டர், அண்ணன் அஞ்சு மணிக்குப் போயிட்டாரு. அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க." படித்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். படகு கரை சேர்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் இறங்கின, ஆட்கள் இறங்கினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். படகுப் பணியாளர் ஒருவர் வந்து உடம்புக்கு முடியவில்லையா என்று மலாயில் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

இந்தச் செய்தி வரும் என்பது எனக்குப் பதினான்கு மாதங்களாகத் தெரியும். ஏறக்குறைய எப்போது வரும் என்றுகூடக் கணித்து வைத்திருந்தேன். அது என் தொழில். ஆனால் கணக்குச் சரியாக வந்தபோது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவரை அறிந்தவர்களுக்கும், தேவாலயப் பாடகர் குழுவில் அவரோடு நின்றவர்களுக்கும் அவர் "ஆஸ்பத்திரி பக்கம் என்னமோ லேப் வேலை" செய்தவர். அந்த என்னமோவை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் மனித உடலிலிருந்து எடுக்கப்படும் எதுவும் எங்களிடம் வரும். நான் நோய்க்கூறியல் மருத்துவர். அதைக் கண்ணால் பார்த்து, வேண்டிய இடத்தில் சிறு வில்லைகளாக நறுக்கி, பெருவிரல் அகலப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போடுவேன். அங்கிருந்து அவர் பொறுப்பு. சதையின் நீரை வாங்கி, உருகிய மெழுகில் பதித்து உறைய வைப்பார். அதை நாங்கள் பிளாக் என்போம். பிறகு அந்தப் பிளாக்கைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு என் மேசைக்கு அனுப்புவார். அவர் சீவுவார், நான் பார்ப்பேன். பத்தொன்பது ஆண்டுகள். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் சவரி அண்ணன். எனக்கு மட்டும் மிஸ்டர் சவரி. இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து நானும் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் உயிரோடிருந்தபோது எனக்கு அது வரவில்லை.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இத்தன வருசமா இதையேதான் பார்த்துக்கிட்டு இருந்த மனுசன். தனக்கு வந்தது தெரியலையா லா? அசட்டைதான், வேற என்ன." மற்றவர் தலையாட்டினார். நான் இரண்டடி தள்ளி, கையில் காகிதக் குவளையோடு நின்றேன். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவர் மனைவி பிலோமினா அக்கா கேட்டபோது, அந்த வாசல் பேச்சுக்குப் பதில் எழுதலாமா என்றேன். "எழுதுங்க டாக்டர். உள்ளது உள்ளபடி எழுதுங்க. ஆனா அந்த எடத்தோட பேரு மட்டும் வேண்டாம். பாதர் படிப்பாரு." எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த இடத்தின் பெயரைச் சொல்லாமல் இதில் ஒரு வரிகூட உண்மையாக எழுத முடியாது என்று புரிந்தது. அக்கா என்னை மன்னிக்க வேண்டும். பாதரும்தான்.

ஆணின் விரையும் அதிலிருந்து கிளம்பும் குழாய்களும்தான் அந்த இடம். வேறெந்த உறுப்பையும் சவரி அண்ணன் இவ்வளவு ரசித்து நான் பார்த்ததில்லை. சீவியதை என் மேசையில் வைத்துவிட்டு, நான் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும்வரை நிற்பார். விரையிலிருந்து விந்து முதலில் வெளியேறுவது ஒரு டஜன் அளவிலான சிறு நாளங்கள் வழியாக. அவற்றின் உள்சுவரில் உயரமான செல்லும் குட்டையான செல்லும் மாறி மாறி நிற்பதால், குறுக்கே வெட்டினால் ஓரம் ஏற்ற இறக்கமாகத் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயர் "ஸ்டாண்டர்ட் டூ பிள்ளைங்க பல்லு", பாதி விழுந்து பாதி முளைத்தது. அதற்கடுத்து, விரையின் முதுகில் ஒட்டிக் கிடக்கும் சுருள், எபிடிடிமிஸ். சுண்டுவிரல் நீளத்துக்குள் மடித்து வைக்கப்பட்ட ஒரே குழாய். அவிழ்த்தால் ஆறு மீட்டர் வரும். அங்கே செல்கள் எல்லாம் ஒரே உயரம். உச்சியில் அசையாத நீண்ட மயிரிழைகள். "லாலாங் புல்லு டாக்டர். காத்தடிக்காத லாலாங்." விரையை விட்டு வரும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது, இந்த ஆறு மீட்டரைக் கடந்த பிறகுதான் அந்தத் திறமை வரும் என்று ஒருநாள் நான் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்ப ஆம்பளைங்களோட அவ்வளவு வீம்பும் ஆறு மீட்டர் நூலுக்குள்ளதான் இருக்கு. சிக்கு விழுந்தா முடிஞ்சது."

அந்தச் சுருள் முடியும் இடத்தில் விந்துக்குழாய் தொடங்குகிறது. உடம்பிலுள்ள குழாய்களில் அதன் அளவுக்குச் சுவர் தடித்தது அபூர்வம். உள்ளே நீளவாக்கில் ஒரு தசை, நடுவில் சுற்றிவர ஒரு தசை, வெளியே மறுபடி நீளவாக்கில் ஒன்று. நடுவிலிருக்கும் துளை வட்டமாக இருக்காது. மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நட்சத்திரம் போலிருக்கும். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் தவறு அந்த நட்சத்திரத்தில்தான் நடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், முப்பத்தைந்து வயதிருக்கும், தன் அண்ணனோடு எங்கள் முகப்புக்கு வந்து நின்றார். நான்கு பிள்ளைகளுக்குப் பிறகு கருத்தடை செய்துகொண்டவர். இரண்டு பக்கமும் வெட்டிய துண்டுகள் எங்களிடம் வந்திருந்தன. இரண்டும் விந்துக்குழாய்தான் என்று நான் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது அவர் மனைவி ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தார். அவர் எங்களிடம் சண்டைக்கு வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. என் அறிக்கையை எடுத்து நீட்டி, இது சரியா என்று மட்டும் கேட்டார். சரி என்று நாங்கள் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று அவர் முடிவு செய்திருந்தார். அது அவர் அண்ணனின் முகத்தில் எழுதியிருந்தது.

சவரி அண்ணன் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு பழைய பிளாக்குகளைத் தேடி எடுத்தார். இடது பக்கத் துண்டு மெழுகில் படுத்துக் கிடந்தது. படுத்துக் கிடக்கும் குழாயைச் சீவினால் நீள நீளமாகத் தசைதான் தெரியும். துளையின் வடிவம் தெரியாது. அந்தத் தசையை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் மெழுகை உருக்கி, துண்டை எடுத்து நிமிர்த்தி நிற்க வைத்து மறுபடி சீவினார். இரண்டு மணி நேரம் ஆனது. வட்டம் வந்தது. நட்சத்திரம் இல்லை. அது தடித்துப் போன ஓர் இரத்த நாளம். இடது குழாய் வெட்டப்படவே இல்லை.

முகப்புக்குப் போய் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே அவர் போயிருந்தார். யாரோ தட்டில் வைத்திருந்த, ஐந்து விளிம்புள்ள பெலிம்பிங் பழம் ஒன்றை எடுத்து, பேனாக்கத்தியால் ஒரு பாதியை நெடுக்காகவும் மறு பாதியைக் குறுக்காகவும் வெட்டி அவர்கள் முன் வைத்தார். "இப்படி வெட்டினா நட்சத்திரம் தெரியுதா? தெரியல. இப்படி வெட்டினா? தெரியுது. நான் அன்னைக்கு உங்களுத இப்படி வெட்டிட்டேன் தம்பி. அதனால டாக்டருக்குத் தெரியல. உங்க சம்சாரம் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு இந்தக் கையில." கையை நீட்டிக் காட்டினார். அந்த ஓட்டுநர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழத் தொடங்கினார். அவர் அண்ணன் பழத்துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்து என்னுடையது என்று நான் பிறகு சவரி அண்ணனிடம் சொன்னேன். "நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே நான் படுக்க வச்சிட்டேன். வரிசைப்படி பார்த்தா நான்தான் சீனியர்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. எந்தத் துண்டானாலும், எந்த முகத்தை முதலில் சீவ வேண்டுமோ அந்த முகத்தை நான் பெட்டியில் குப்புற வைப்பேன், நகராமலிருக்க மேலே ஒரு பஞ்சுத் துண்டு. அவர் இடுக்கியால் எடுத்து, அதே முகம் கீழிருக்கும்படி அச்சில் இறக்குவார். அச்சின் அடியில் இருப்பதுதான் பிளாக்கின் முகப்பாக வரும், முதலில் சீவப்படும். மற்ற ஆய்வுக்கூடங்களில் இதற்கு மை தடவுவார்கள், குறிப்பு எழுதுவார்கள். நாங்களும் தொடக்கத்தில் தடவினோம். பிறகு தேவைப்படவில்லை. நான் வைத்ததை அவர் மாற்றி எடுத்து நான் பார்த்ததே இல்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை. அதை ஒரு பழக்கமென்றுகூட நாங்கள் நினைக்கவில்லை.

இனி அசட்டை என்ற வார்த்தைக்கு வருகிறேன். ஓர் ஆகஸ்ட் பகல். நான் துண்டு நறுக்கும் மேசையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சவரி அண்ணன் கடையிலிருந்து தபாவ் பண்ணிய சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, பிரிக்காமல் நின்றார்.

"டாக்டர், ஒரு ஆளு. அம்பத்தேழு வயசு. சுருளுக்கு மேல ஒரு கட்டி."

"தண்ணிக் கட்டியா இருக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தாங்களா?"

"அடிச்சுப் பார்த்தாரு. வெளிச்சம் போகல, தண்ணி இல்ல."

"எப்பலிருந்து?"

"போன கிறிஸ்மஸ்ல சுண்டல் கடலை அளவு. இப்ப கோழிமுட்டை. வலி இல்ல. கல்லு மாதிரி."

யார் அந்த ஆள் என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய் திறந்தே இருந்தது. அவர் எட்டி அதை மூடினார்.

எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவர் அசட்டையாக இருக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விரைக்கு உள்ளே வரும் கட்டி என்றால் பயப்பட வேண்டும். வெளியே, சுருளை ஒட்டி வருபவை பெரும்பாலும் கெடுதல் செய்யாதவை. இது புத்தகத்திலும் இருக்கிறது, எங்கள் பிளாக் அலமாரியிலும் இருக்கிறது. அவர் கையால் சீவிய அத்தனை சுருள் கட்டிகளும் தண்ணீர்க் கட்டி, அல்லது விந்து கசிந்து இறுகிய முடிச்சு, அல்லது அது போன்ற ஏதோ ஒன்று. ஒன்றுகூடக் கெட்டதில்லை. அவரை ஏமாற்றியது அறியாமை அல்ல. பத்தொன்பது ஆண்டுகளில் நான் எழுதி அனுப்பிய நல்ல செய்திகள். அவற்றைத்தான் அவர் தன் உடம்புக்கும் பொருத்திப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல், அந்த உறுப்பின் பெயரைத் தன்னுடையதாக ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்களுடையதைப் பற்றி என்னோடு இத்தனை வேடிக்கை பேசியவருக்கு, தன்னுடையதென்றால் 'ஒரு ஆளு' தேவைப்பட்டது. நானும் அவரை எளிதாகப் பேச விட்டவள் அல்ல. மிஸ்டர் சவரி, மிஸ்டர் சவரி என்று ஒரு கண்ணாடித் தடுப்பை நடுவில் வைத்திருந்தவள்.

அவர் அதைச் சொன்ன பதினோராம் நாள் அறுவை சிகிச்சை. விரை, சுருள், அதைத் தாங்கும் வடம் எல்லாவற்றையும் இடுப்பு மடிப்பு வழியாக ஒன்றாக எடுத்துவிடுவார்கள். வடம் என்பது விந்துக்குழாயும் இரத்த நாளங்களும் ஒன்றாகப் பிணைந்து வயிற்றுக்குள் ஏறும் கயிறு. இதை வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "வேற எடத்துல யாரு கையிலயோ கெடக்கணுமா? நீங்களே பாருங்க. முனைய மட்டும் நல்லா பாருங்க டாக்டர். முனைதான் எல்லாம்."

முனை என்று அவர் சொன்னது, வடத்தை மருத்துவர் வெட்டிய கடைசி இடத்தை. கட்டியின் செல்கள் அந்த வெட்டுவாய்வரை வந்திருந்தால், உடம்புக்குள் மிச்சம் இருக்கிறது என்று பொருள், மறுபடி உள்ளே போய் இன்னும் மேலே வெட்ட வேண்டும். வரவில்லையென்றால் எடுத்தது போதும். அவர் பிழைப்பாரா என்ற கேள்வியில் எங்கள் கையால் பதில் சொல்லக்கூடிய பகுதி அது ஒன்றுதான்.

அது என் மேசைக்கு வந்தது. பெயர், வயது, அடையாள எண் எல்லாம் எழுதிய டப்பா. நான் அதைத் திறந்து, அளந்து, எடை பார்த்து, நறுக்கினேன். கட்டி வடத்தின் தசையிலிருந்து கிளம்பியிருந்தது. வெட்டிய முகத்தைப் பார்த்ததுமே நல்ல வகையில்லை என்று தெரிந்தது. கடைசியில் முனையிலிருந்து கேரட் வில்லை போல ஒரு துண்டு நறுக்கினேன். அதற்கு இரண்டு முகம். ஒன்று அவர் உடம்பைப் பார்த்த முகம், மற்றது கட்டியைப் பார்த்த முகம். உடம்பைப் பார்த்த முகத்தைப் பெட்டியில் குப்புற வைத்தேன். மேலே பஞ்சு. மூடினேன்.

மை தடவவில்லை. குறிப்பு எழுதவில்லை. என் கை அவருக்காக வைத்தது. மறுநாள் காலை அந்தப் பெட்டியை யார் திறப்பார்கள் என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அவருடைய வில்லையை அவரே வந்து எடுப்பார் என்பது போல வைத்திருக்கிறேன்.

திறந்தது சாந்தி. இரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து நான்கு மாதம் முன்பு மாறி வந்தவர், என் வயதை நெருங்கியவர், கவனமானவர். சவரி அண்ணன் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தார், இதைத் தவிர. இது சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒன்று என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன் என்று சாந்தி சொன்னார். வில்லை அச்சில் சற்றுச் சாய்ந்து உறைந்துவிட்டது. சாய்ந்திருந்ததால் முதல் சீவல்களில் அரை வட்டம்தான் வந்தது. முழு வட்டம் வேண்டுமென்று, அண்ணனுடைய ஸ்லைடு அழகாக இருக்க வேண்டுமென்று, அவர் இன்னும் சீவினார், இன்னும் சீவினார். அரை வட்டமாக வந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று.

எனக்கு வந்த ஸ்லைடு அழகாகத்தான் இருந்தது. முழு வட்டம். நடுவில் விந்துக்குழாய், மூன்று அடுக்குத் தசையும் கலையாமல், நட்சத்திரம் தெளிவாக. அதன் பக்கத்தில், கொழுப்புக்குள், அந்தச் செல்கள். பிளாக்கில் மிச்சமிருந்ததை எல்லாம் சீவச் சொன்னேன். கடைசிவரை அவை இருந்தன. ஆகவே இனிக் கேள்வி ஒன்றுதான். குப்பைக்குப் போன பகுதி எந்தப் பக்கம்? அது உடம்புப் பக்கம் என்றால் அது சுத்தமாக இருந்திருக்கலாம், அவருக்கு வழி உண்டு. அது கட்டிப் பக்கம் என்றால், நான் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வெட்டுவாய், அவருக்குள் மிச்சம் இருக்கிறது.

சாந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெட்டியைத் திறந்தபோது இருந்தபடியே இறக்கினீர்களா, புரட்டினீர்களா?

"குப்புறத்தான் எடுத்தேன் டாக்டர்." இடுக்கியைப் பிடிப்பது போல விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "இல்ல, மேல தெரியற முகம்தானே முக்கியம்னு பொரட்டினேனா... தெரியல டாக்டர். சத்தியமா தெரியல."

நான் மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை. அறிக்கையில் எழுதினேன்: வடத்தின் முனை குறித்து உறுதியாக எதுவும் கூற இயலாது. இருபத்து மூன்று ஆண்டுத் தொழிலில் அதைவிட நேர்மையான வரியையும், அதைவிட உதவாத வரியையும் நான் எழுதியதில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாததால் மருத்துவர்கள் நடுவழி ஒன்றை எடுத்தார்கள். மறுபடி வெட்டவில்லை. அந்த இடத்துக்கு ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இடுப்பு மடிப்பில் தோல் வெந்து உரிந்தது. பாடகர் குழுவில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார் என்று உங்களுக்குத் தெரியும். முனை சுத்தம் என்றால் அவர் பட்டது அத்தனையும் வீண். சுத்தமில்லை என்றால் அது போதாது, மறுபடி வெட்டியிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த ஆறு வாரம் தவறு. அதற்குக் காரணமான வரியை எழுதியது நான்.

அவரிடம் நான் சொன்னது ஒரு வாக்கியம்: துண்டு சிறியது, முனை தெளிவாக வரவில்லை. அவர் சரி என்றார்.

நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. கதிர்வீச்சு முடிந்த மறு வாரம், நான் வெளியூர் போயிருந்த நாளில், அவர் மெதுவாக நடந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார். தன் பிளாக்கை எடுத்துத் தரச் சொல்லி சாந்தியிடம் கேட்டிருக்கிறார். சாந்தி தயங்கியதும், "என்னுதுதானே கேக்கறேன், அடுத்தவன் சொத்தா?" என்றாராம். சன்னலோரம் போய், மிச்சமிருந்த மெழுகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அப்படியும் இப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "சாஞ்சு போச்சு, அவ்வளவுதான். எனக்கும் எத்தனையோ சாஞ்சிருக்கு. விடும்மா." அழுதுகொண்டிருந்த சாந்தியை டீ கலக்கச் சொல்லி, இருவருமாகக் குடித்துவிட்டுப் போனார். இதை சாந்தி என்னிடம் சொன்னபோது, நோய் அவர் நுரையீரலுக்கு வந்துவிட்டிருந்தது.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், பார்வையாளர் நேரத்தில் போனேன். பிலோமினா அக்கா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சவரி அண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். நான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மை தடவாததை, குறிப்பு எழுதாததை, அது சாந்தியின் தவறில்லை என்பதை. முதல் வார்த்தை வருவதற்குள் அவர் கை உயர்த்தினார்.

"நீங்க எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சிருப்பீங்க டாக்டர். நான்தான் அங்க இல்ல."

நான் கேட்டது மன்னிப்பு அல்ல. இப்படிக் கேட்டது நான்தானா என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "பிளாக்கைப் பார்த்தீங்களாம். எந்தப் பக்கம் போச்சு?"

பிளாக்கைப் பார்த்தே சொல்லக்கூடியவர் ஒருவர் இந்தத் தீவில் இருந்தாரென்றால் அது அவர்தான். ஒரு சீவலின் ஓரத்தைப் பார்த்து, அது காலையில் சீவியதா மாலையில் சீவியதா என்று சொன்னவர். மூச்சை எண்ணி எண்ணிப் பேசினார்.

"தெரியும்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ப்ரூப் கேப்பீங்க. தெரியாதுன்னு சொன்னா தூங்க மாட்டீங்க." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நான் என்னத்த சொல்ல."

அக்கா தண்ணீரோடு வந்துவிட்டார். பேச்சு பெருநாளைக்கு யார் யார் வருவார்கள் என்பதற்குப் போனது. ஐந்து நாள் கழித்துப் படகில் அந்தச் செய்தி வந்தது.

வாசலில் பேசியவருக்கு என் பதில் இதுதான். அசட்டை அவருடையதில்லை. இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த வில்லைக்கும் மை தடவாமல் பெட்டி மூடப்படுவதில்லை. சுவரில் விதி அச்சிட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பலர் பாராட்டினார்கள். அது எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கு இப்போது தெரியும்.

இப்படிப்பட்ட கட்டுரைகளின் முடிவில், போனவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதுவார்கள். அவருடைய பொறுமை என்றோ சிரிப்பு என்றோ எழுத என்னால் முடியவில்லை. அவை அவரோடு போய்விட்டன. என்னிடம் இருப்பது அலமாரியின் மூன்றாம் தட்டில், எண் போட்ட இழுப்பறையில், பெருவிரல் அகலத்தில் கொஞ்சம் மெழுகு. உள்ளே சதை ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. அடக்கம் முடிந்த பிறகு அதை இரண்டு முறை சன்னலோரம் எடுத்துப்போய், சாந்தி சொன்னபடி, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன்.